வாசக்காலுக்கு அடியில் ஒரு மூக்குத்தி

பரண்மேல் கிடந்த நீளப் பையை இறக்கி ஜிப்பைத் திறந்தேன். உலோகம் தேடும் மிஷினை வெளியே எடுப்பதற்கு முன்பே கடைத் தரையில் ஒரு கைப்பிடி கருமணல் கொட்டியது. கூடவே அந்த வாடை, உப்பும் காய்ந்த பாசியும் துருவும் கலந்தது. ஆணியும் கீலும் பெயிண்ட் டின்னும் அடுக்கிய இந்த இரும்புக் கடையில் துரு வாடை எனக்குப் புதிதில்லை. ஆனால் இது உங்கள் கரையின் வாடை. நீ போன பிறகு இந்தப் பையை நான் தொடவே இல்லை. துடைக்கக்கூடச் செய்யாமல் அப்படியே மேலே ஏற்றியிருக்கிறேன். நீ பார்த்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாய்.

மீஞ்சூரிலிருந்து ஒருவர் இதை வாங்கிக்கொள்ள வருகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றுப் படுகைகளில் தங்கம் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "தங்கத்துக்கு எந்த மிஷின் நல்லதுங்கம்மா?" என்பதுதான். நான் சிரித்துவிட்டேன். மனிதருக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். அதை ஈடுகட்டத்தானோ என்னவோ, வெகுநேரம் பேசினேன். தேடப்போவது காய்ந்த மண்ணிலா, ஈர மண்ணிலா, உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா, தேடும் தங்கம் எவ்வளவு பெரிது என்று நான் கேட்கக் கேட்க, "நிறையத் தேடியிருக்கீங்க போல" என்றார். நாம் ஒன்றே ஒன்றைத்தான் தேடினோம் என்று அவரிடம் சொல்லவில்லை. மிஷினைக் கொடுத்துவிடுவதில் எனக்கு வருத்தம் கிடையாது. பரணில் கிடந்து பாழாவதற்கு ஒருவர் கையில் இருக்கட்டும். ஆனால் நான் அவருக்குச் சொன்னதில் பாதி உன் பேச்சு. போனை வைத்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ முதல்முதலில் என் கடைப்படி ஏறியது வாசக்கால் கிளாம்பு வாங்க. அப்போது என் வீட்டுக்காரர் இருந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடி, உன் அன்னக்கூடையிலிருந்து சொட்டிய தண்ணீரை முகம் சுளித்துப் பார்த்தார். "இன்னா மொதலாளி, கடலுக்கு எதுக்கவே கடய வெச்சிகினு மீன் தண்ணிக்கு மூஞ்ச சுளிக்கிறியே" என்றாய். அவர் அதற்குமுன் யாரிடமும் வாயடைத்துப்போய் நான் பார்த்ததில்லை. எண்ணூர் போகும் வழியில், கடலோரக் குப்பத்தில் ஓலை வீட்டைப் பிரித்துவிட்டுச் செங்கல் வீடு கட்டிக்கொண்டிருந்தீர்கள். கிளாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தத் துண்டா எங்க வாசக்கால புடிச்சி நிக்க வெக்கும்?" என்று சந்தேகமாகக் கேட்டாய். சட்டத்தை ஒரு பக்கமும் சுவரை ஒரு பக்கமும் கவ்விக்கொள்ளும் என்று நான்தான் கையால் செய்து காட்டினேன்.

அன்றிலிருந்து மீன் உன்னிடம்தான். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி என்பதால் மீனில் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர். "உங்க ஊரு மீன் இங்கிலீஷ் பேசுமா கடையக்கா?" என்று அதையும் கிண்டலடிப்பாய். என் வீட்டுக்காரர் இறந்தபோது கடையைத் திறக்காமல் வீட்டிலேயே கிடந்தேன். உறவுக்காரர்கள் எல்லாரும் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ மட்டும் வந்து, "ஆணிய ஆரு விப்பாங்க? சாவிய எட்த்துகினு வா" என்று கையைப் பிடித்து இழுத்தாய். அன்று ஷட்டரை நீதான் தூக்கினாய். அதன் பிறகு நீ எனக்கு மீன்காரி இல்லை.

மூக்குத்திக் கதையை நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். வாசக்கால் வைக்கிற அன்று அடிக்கட்டைக்குக் கீழே குழி எடுத்து, பால் விட்டு, நவரத்தினமும் ஒரு பொட்டுத் தங்கமும் போட வேண்டும். தங்கம் கொண்டுவர வேண்டிய உன் அண்ணன் ராயபுரத்திலிருந்து கிளம்பி, கண்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் முடியப்போகிறது. கொத்தனார் சத்தம் போடுகிறார். நீ யாரையும் கேட்கவில்லை. மூக்குத்தியைத் திருகிக் கழற்றிக் குழியில் போட்டுவிட்டாய். "என் கையால மீன் வித்து வாங்குன மொத நகக்கா அது" என்று சொல்லும்போதெல்லாம் உன் விரல் தானாக மூக்குக்குப் போகும். அதன் பிறகு வேறொன்று வாங்கிப் போடவில்லை. வசதி வந்தபோதும் வாங்கவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்குப் பாஸ்டர் வந்து ஜெபம் மட்டும்தான் செய்தார் என்று நான் சொன்னபோது, "அதான் உங்க வூட்டு கதவு கிறீச் கிறீச்னு கத்துது" என்றாய்.

பிறகு கடல் வந்தது. முதலில் முன்வரிசை வீடுகள். அடுத்தது கோயில், கிணறு, உங்கள் தெருவின் பாதி. ஒரு புயல் மழைக்கு உன் வீட்டின் முன்பக்கச் சுவர் அலைக்குள் சாய்ந்தது. உன் வீட்டுக்காரர் வாசக்காலின் மேல்சட்டத்தையும் ரெண்டு கைச்சட்டத்தையும் அறுத்து எடுத்துவந்தார். அடிக்கட்டை சிமெண்டில் இறுகிக் கிடந்தது, வரவில்லை. நீங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனீர்கள். மேல்மாடி. அங்கே உனக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறத்தான் முடியவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

உன் மகள் தேவி அத்திப்பட்டில் ஓர் அறை வீடு கட்டத் தொடங்கியதும் உனக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது. அவள் வாசலுக்கு அடியில் உன் மூக்குத்தியைப் போட வேண்டும். ஆவணியில் வாசக்கால் வைப்பதாக இருந்தார்கள். அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. கரை நெடுகப் பாறாங்கல் கொட்டப் போகிறார்கள், வடக்குக் கோடியில் லாரிகள் வந்துவிட்டன.

"கல்லு போட்டாங்கன்னா அவ்ளோதான்கா. அப்பால எந்த ஜென்மத்துல எடுக்கறது?" என்று கடைப்படியில் உட்கார்ந்து கேட்டாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஏர்போட்டுல, பெரிய கோயில்ல எல்லாம் போலீசு வெச்சிகினு கீறாங்களே, குய்யுனு கத்துமே, அது எங்க விக்கிது?" என்றாய்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கடலுக்குள்ள போன மூக்குத்திய எங்கன்னு தேடுவ?"

"கடலுக்குள்ள இன்னா போச்சி? வாசப்படிக்கு அடியிலதான கீது."

அதற்கு மேல் உன்னிடம் வாதாட முடியாது.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, அண்ணா சாலைப் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் தெருவுக்குப் போனோம். கடைப் பையன் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தோட்டத்துல புதையலாம்மா?" என்றான். கண்ணாடி மேசைமேல் மூன்று நான்கு மிஷின்களை வைத்தான். நீளக் கம்பு, நுனியில் வட்டத் தட்டு, பிடியில் ஒரு சின்னத் திரை. தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்று காசும் மோதிரமும் தேடுகிறவர்களுக்கு. ஒன்று தங்கத்துக்கென்றே செய்தது. வெளிநாட்டில் மலைப்பக்கம், காய்ந்த ஓடைகளில் அரிசி நொய் அளவுத் தங்கத்தைக்கூட அது கண்டுபிடிக்குமாம். என் மூக்குத்தியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். தட்டு அருகில் வந்ததும் கீச்சென்றது. நீ என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாய். தேடுவது தங்கம், இது தங்க மிஷின், வேறென்ன யோசிக்க இருக்கிறது? ரெண்டு பெண்பிள்ளைகளும் அறிவைக் கழற்றி வைத்துவிட்டு அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் விடிந்து கடல் உள்வாங்கியிருந்த நேரம். ஈர மணலில் தட்டை வைத்ததுமே மிஷின் அலற ஆரம்பித்தது. வைத்த இடமெல்லாம் அலறல், எடுத்தாலும் அலறல். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "இன்னாம்மா, பாமா?" என்றார். "தோ, உங்க வேலையத்தான் பாத்துகினு கீறோம் சார்" என்றாய் நீ. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

கடைக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மிகச் சின்னத் தங்கத்தைக் கேட்பதற்காகக் காதைக் கூர்மையாக்கிய மிஷின் அது. அந்தக் காதுக்கு உப்புத் தண்ணீரே ஓர் உலோகம்போலக் கேட்கும். போதாதற்கு நம் கரையின் கருமணலில் இரும்புச் சத்து. இரண்டும் சேர்ந்தால் அது பாவம் கதறாமல் என்ன செய்யும். "பீச்சுலயா தேடுறீங்க? சொல்லவே இல்லியேம்மா" என்றான் பையன். அவனைக் குறை சொல்ல வழியில்லை. அவன் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை போனபோது டிபன் பாக்ஸ் நிறைய ஈர மணலை அள்ளிக்கொண்டு வந்தாய். மெட்ரோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு சாம்பார் சாதம்போலக் காவல் காத்தாய். கடையில் என் மூக்குத்தியை அந்த மணலுக்குள் புதைத்து ஒவ்வொரு மிஷினாகக் காட்டச் சொன்னோம். கடலுக்கென்றே ஒரு வகை உண்டு, உப்பைக் கண்டுகொள்ளாது, ரொம்ப ஆழத்துக்குக் கேட்கும் என்று ஒன்றை எடுத்துவந்தான். அது மூக்குத்தியைக் கண்டுகொள்ளவே இல்லை. "வஞ்சர வலையில நெத்திலி நிக்குமா?" என்று நீ கேட்டது அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கடைசியாக ஒன்று. ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் கேட்குமாம், கடற்கரைக்கென்று தனியாக ஒரு அமைப்பும் உண்டாம். பட்டனைத் தட்டியதும் கொஞ்ச நேரம் மணலைப் படித்துப் பழகிக்கொண்டு அமைதியானது. பிறகு மூக்குத்தி இருந்த மூலையில் மட்டும் மெல்லக் கீச்சிட்டது. முதலில் வாங்கியதை மாற்றிக்கொள்ள அந்தப் பையன் முதலாளியிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தான். நல்ல பிள்ளை. கிளம்பும்போது மணலை எங்கே கொட்டுவது என்று நீ கேட்டதற்கு, "வெச்சிட்டுப் போங்கம்மா, இனிமே டெஸ்ட் பண்ண ஆகும்" என்றான்.

சரியான மிஷின் கையில் வந்துவிட்டது. ஆனால் தப்பு நம்மோடேயே வந்தது. படகு ஆணி, இடிந்த வீடுகளின் கம்பி, ஒயர் துண்டு என்று கரை முழுக்க இரும்பு. தட்டை நகர்த்தும் இடமெல்லாம் கர்ர் கர்ர் என்றது. இரும்பு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள் என்று மிஷினுக்குச் சொல்லிவைக்க வழி இருந்தது. தங்கம் தேடுகிறவர்களுக்கு இரும்பு எதற்கு? மூடிவைத்தோம். அப்பாடா என்று இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நீ மேல்மாடியிலிருந்து இறங்கி வருவாய். நான் கடை திறப்பதற்குமுன் வருவேன். கோயிலும் இல்லை, கிணறும் இல்லை, தெருவும் இல்லை. "இங்கதான்கா" என்று நீ ஓர் இடத்தைக் காட்டுவாய். மறுநாள் இன்னோர் இடம். சிப்ஸ் பாக்கெட்டின் ஜிகினா, குளிர்பான மூடி, பான்பராக் தாள் எல்லாம் தங்கம்போலவே கீச்சிட்டன. அதிகம் கிடைத்தது வலையில் கோக்கும் ஈயக்குண்டு. தங்கத்துக்கும் ஈயத்துக்கும் அந்த மிஷினில் ஒரே குரல். ஆசையாகத் தோண்டி, ஈயத்தை எடுத்து, நீ மடியில் முடிந்துகொள்வாய். "அந்தாளு வலைக்காச்சும் ஆவும்." உன் வீட்டுக்காரரை மனதில் வைத்துத் தினமும் அதையே சொன்னாய். ஆனால் வடக்கே கல் கொட்டும் சத்தம் நெருங்கிவந்தது. தேவி போன் செய்து, "கெடச்சிதாம்மா?" என்று கேட்கும்போது நீ வேறு பேச்சுக்குப் போனதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ரெண்டு அடி தோண்டினால் உட்கார்ந்துவிடுவாய். ஒருநாள் போதும் விடு என்றேன். "நீ போக்கா, கடைக்கு நேரமாவுது" என்றாய். கோபித்துக்கொண்டு போய்விட்டேன்.

அன்று முற்பகலில் ஒரு கொத்தனார் கடைக்கு வந்தார். "வாசக்கால் கிளாம்பு குடுங்கம்மா. ஒரு பக்கத்துக்கு மூணு, ரெண்டு பக்கத்துக்கும்." பெட்டியிலிருந்து எண்ணி எடுத்து மேசைமேல் வைத்தேன். கையெடுக்காமல் அப்படியே நின்றேன். மேல்சட்டத்தை அறுத்து எடுத்தீர்கள், கைச்சட்டத்தை எடுத்தீர்கள். அடிக்கட்டையும் அதன் ரெண்டு பக்கமும் சிமெண்டுக்குள் கவ்விக் கிடக்கும் கிளாம்பும் அங்கேதான் இருக்கும். நான் விற்ற கிளாம்பு. இரும்பு! நாம் வாயை மூடச் சொன்ன இரும்பு. அரிசி நொய் அளவுத் தங்கத்தைத் தேடிக்கொண்டு, பக்கத்திலேயே கத்திக்கொண்டிருந்த வாசலைக் கேட்காமல் நடந்திருக்கிறோம்.

பேசிக்கொண்டே அந்தக் கொத்தனார் இன்னொன்றும் சொன்னார். பழைய வீட்டை இடிக்கும்போது வாசக்காலுக்கு அடியில் வைத்ததை முதலில் வீட்டுக்காரர் கையாலேயே எடுக்கவைத்த பிறகுதான் அவர்கள் கடப்பாரை போடுவார்களாம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது வீட்டுக் கணக்கில் சேராது, வெறும் செங்கல் என்றார். அப்போது அது என் காதில் சரியாக ஏறவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவந்தேன்.

நீ இன்னும் கரையிலேயே உட்கார்ந்திருந்தாய். மூச்சிரைக்கச் சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு, "வாசல் எவ்ளோ அகலம்னு எனக்குத் தெரியும்" என்றாய். தலையில் கூடையோடு இடிக்காமல் நுழைய வேண்டும் என்று ஆசாரியிடம் அன்னக்கூடையைக் கொண்டுபோய்க் காட்டி அளவு வைத்த வாசல் அது. கூடையின் ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடம். இனி மிஷினில் இரும்பைப் பேசவிடலாம், ஒற்றைச் சத்தத்துக்கெல்லாம் தோண்ட வேண்டியதில்லை. ஓர் இரும்புச் சத்தம், கூடை தள்ளி இன்னோர் இரும்புச் சத்தம், அந்த ஜோடி கேட்கும் இடம்தான் வாசல்.

அலை உள்வாங்கும் காலை வரை காத்திருந்தோம். கூடையை மணலில் வைத்து வைத்துப் பார்த்தோம். ஜோடி அமைவதுபோல் வந்து அமையாமல் போனது. கிழக்கே இன்னும் கொஞ்சம், அலை முழங்காலை நனைக்கும் இடத்தில், கர்ர் என்றது. நீ கூடையைத் தண்ணீருக்குள்ளேயே அழுத்திப் பிடித்தாய். கூடைக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, கர்ர்.

ஆளுக்கொரு பக்கம் மண்ணை வாரினோம். அலை வந்து மூடும், வாருவோம். கடைசியில் உன் கை எதிலோ நின்றது. வேப்பங்கட்டை. உப்பில் கறுத்து, நடுவில் கால்பட்டுத் தேய்ந்த பள்ளத்தோடு. நீ தேய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாய்.

நான் பட்டனைத் தட்டி இரும்பை மறுபடி மூடினேன். கட்டையின் நடுவில் தட்டைக் கொண்டுபோனேன். பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிய ஒரு சத்தம். நகர்த்தினேன், நின்றது. திரும்பக் கொண்டுவந்தேன், கத்தியது. "இருக்குட்டி! அங்கனதான் இருக்கு! கடப்பாரைய எடு!" என்று கத்தினேன்.

நீ எழுந்திருக்கவில்லை.

"வோணாக்கா."

"என்னது?"

"கீது இல்ல? போதும். இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சூடாகிறது. கடையைப் பூட்டிவிட்டு அலைந்தது, உப்புத் தண்ணீரில் கால் வெடித்தது, ஊர் சிரித்தது எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். தேவிக்கு என்ன பதில் சொல்வாய் என்றேன். நாளைக்கோ மறுநாளோ கல் விழுந்துவிடும், பிறகு அழுது பிரயோசனமில்லை என்றேன். நான் ஓயும்வரை பொறுமையாக இருந்தாய். பிறகு சொன்னாய்:

"கடலு இட்ச்சது வேறக்கா. இத எட்த்தேன்னு வையி, என் வூட்ட நானே இட்ச்சா மாதிரி. அது உள்ள கீற வரிக்கும் இது என் வூடு."

கொத்தனார் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீ எழுந்தாய். புடவையை உதறிச் செருகிக்கொண்டாய். வலதுகாலை எடுத்து அந்தக் கட்டையைத் தாண்டி வைத்தாய். அந்தப் பக்கம் நின்று, தண்ணீருக்குள், என்னைத் திரும்பிப் பார்த்தாய். "இன்னாக்கா நின்னுகினே கீற? உள்ள வா."

உன் வீடு நின்ற காலத்தில் நான் ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. வாசலில் நின்று மீனை வாங்கிக்கொண்டு, கடையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று ஓடிவிடுவேன். அன்று மிஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசப்படியைத் தாண்டினேன். "இது கூடம். தோ, இங்க டிவி. இங்க தேவி பட்த்துகினு இருப்பா. அடுப்பு அந்தாண்ட, காத்து உள்ள வராத பக்கமா" என்று அலைக்கு நடுவில் கைகாட்டிக்கொண்டே நடந்தாய். அடுப்பு இருந்த இடத்தில் நின்று, "டீ போட்டுத் தரட்டா?" என்றாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உன் முகத்தைப் பார்த்து, போடு என்று சொன்னேன். இரண்டு பேரும் அங்கேயே கொஞ்சநேரம் நின்றோம். தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தோம்.

அந்த வாரமே கல் விழுந்தது. தேவி வாசலுக்கு எல்லோரையும் போல நகைக்கடையில் ஒரு பொட்டு வாங்கிப் போட்டீர்கள். கிளாம்பு என் கடையிலிருந்து. "மூக்குத்தி கெடைக்கலியாம்மா?" என்று அவள் கேட்டபோது, நடந்ததை நீயே சொன்னாய். நான் பயந்தபடி அவள் கோபப்படவில்லை. கேட்டுவிட்டு மாவிலையைக் கட்டப் போனாள்.

மழைக்காலத்தில் உன் மூச்சு மோசமானது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது உன் உடம்புதான். மேல்மாடி வீட்டில் இடமில்லாமல் உன்னை வெளியே மாடி நடையில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டுவதற்குமுன் பெண்கள் உன் உடம்பிலிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தோடு, கொலுசு. ஒரு பெரியம்மா வழக்கப்படி மூக்குக்குக் கை கொண்டுபோனார். அங்கே ஒன்றுமில்லை. துளை மட்டும் இருந்தது. "மூக்குத்தி எங்க? யாராச்சும் எட்த்து வெச்சீங்களா?" என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தேவி நிமிர்ந்தாள்.

"எங்கம்மா மூக்குத்தி அவங்க வூட்ல கீது பெரிம்மா" என்றாள்.

பெரியம்மா கையை எடுத்துக்கொண்டு குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் அந்தக் கற்கள் பக்கம் போகிறேன். மேலே ஏற என் முழங்கால் விடாது. கீழேயே நிற்பேன். எந்தக் கல்லுக்கு அடியில் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. கடலும் கல்லும் சேர்ந்து அடையாளத்தை அழித்துவிட்டன. ஆனாலும் போகும்போது எதிரில் வருகிறவர்கள், எங்கே இந்த வெயிலில் என்று கேட்டால், கடற்கரைக்கு என்று எனக்குச் சொல்ல வருவதில்லை. உன் பேரைச் சொல்லி, அவள் வீட்டுக்கு என்றுதான் சொல்கிறேன்.